ஸ்பார்க் பிளக் கொடுத்தவர் தோற்ற கதை

எங்கள் அப்பாவுக்கு தச்சநல்லூரில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மதுரை ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், கருத்துப்போன ஒரு ஸ்பானர் பெட்டி, உட்கார்ந்து பேப்பர் படிக்க ஒரு பழைய பெஞ்ச். அவ்வளவுதான். வருகிற வண்டிகளில் பாதி டிவிஎஸ் எக்ஸெல். நான் படிப்பது பி.காம் கடைசி வருஷம். ஆனால் சின்ன வயதிலிருந்தே லீவு நாளில் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால் டெபிட், கிரெடிட் தெரிவதற்கு முன்பே பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் தெரியும்.

அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. "வெளிய கெளம்பும்போது பர்ஸைக்கூட மறந்துட்டுப் போல, பிளக்கை மறக்காத." அதனால் என் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் பழைய பனியன் துணியில் சுற்றின ஒரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு பிளக் ஸ்பானரும் எப்போதும் இருக்கும்.

இன்றைக்கு எழுதப் போவது விமானப் பந்தயங்களின் வரலாறு பற்றி. பிளக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. இந்தியாவில் நடந்த முக்கியமான விமானப் போட்டி ஒன்றின் முடிவே ஒரு பிளக்கில்தான் இருந்தது. என் வாழ்க்கையிலும் ஒரு பிளக் கதை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம், அதனால்தான் கடைசியில்.

முதலில் விமானம்.

ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கப்புறம் பல வருஷம் விமானம் என்பது வேடிக்கைப் பொருள்தான். அதை வைத்து என்ன செய்யலாம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். லண்டனில் வெளிவரும் டெய்லி மெயில் பத்திரிகை அதற்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. அடுத்த மாதமே பிரான்ஸில் ரேம்ஸ் என்ற ஊரில் ஒரு வாரம் முழுக்கப் பெரிய விமானத் திருவிழா. அமெரிக்கர் கிளென் கர்ட்டிஸ் 20 கிலோமீட்டரை 16 நிமிடத்துக்குள் பறந்து கோர்டன் பென்னட் கோப்பையை வாங்கினார். இன்றைக்கு நம்ம பைபாஸில் பஸ் போகிற வேகம்தான் அது.

அந்தக் காய்ச்சல் நம் மெட்ராஸுக்கும் உடனே வந்துவிட்டது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த கார்சிகாக்காரர் ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸ், தானே வரைந்து, சிம்சன் கம்பெனியில் செய்ய வைத்த ஒரு விமானத்தை 1910இல் தீவுத்திடலில் ஜனங்களுக்குப் பறந்து காட்டினார்.

காமர்ஸ் மாணவனாக எனக்கு இந்தப் பரிசுகளில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சம்பளம் என்றால் ஆள் வந்து உட்கார்ந்ததற்கே கொடுக்க வேண்டும். மானியம் என்றால் வேலை நடக்கும் முன்பே கொடுக்க வேண்டும். பரிசு அப்படி இல்லை, செய்து காட்டினால்தான் காசு. பத்து பேர் முயற்சி செய்து ஒன்பது பேர் கடலில் விழுந்தாலும் பத்திரிகை முதலாளிக்குச் செலவு ஒரே ஒரு பரிசுதான். பேப்பர் விற்பனையோ பத்து பேராலும் கூடும். கெட்டிக்காரத்தனமான கணக்கு. ஆனால் அந்த ஒன்பது பேர் செலவு செய்த பணமும், சில சமயம் உயிரும், யார் கணக்கிலும் வராது. இதையும் சொல்ல வேண்டும்.

சரி, பந்தயத்தால் விமானம் எப்படி முன்னேறியது? எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். ஓட்டப்பிடாரம் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்க அப்பா என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓடும். அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "வயக்காட்டுக்குப் போற வண்டியில அச்சுல கோளாறு இருந்தா தெரிய ஒரு வருஷம் ஆகும் தம்பி. பந்தயத்துல பத்து மைல்ல தெரிஞ்சுபோகும்." விமானத்துக்கும் அதேதான். சாதாரணமாக ஓட்டினால் பத்து வருஷத்தில் வெளியே வருகிற குறைகள் பந்தயத்தில் ஒரே நாளில் வெளியே வந்துவிடும். அடுத்த பந்தயத்துக்குள் அதைச் சரி செய்தாக வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வண்டிக்காரன் சரி செய்துகொண்டு வந்துவிடுவான்.

இதற்குப் பெரிய சாட்சி ஷ்னைடர் கோப்பை. கடலில் இறங்கி ஏறும் விமானங்களுக்கான போட்டி. 1913இல் மொனாக்கோவில் முதல் போட்டியில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 73 கிலோமீட்டர். 1931இல் கடைசிப் போட்டியில் பிரிட்டனின் சூப்பர்மரின் எஸ்.6பி பறந்தது சுமார் 547 கிலோமீட்டர் வேகத்தில். நடுவில் ஒரு உலகப் போர். எல்லாம் சேர்த்து 18 வருஷம். அதற்குள் ஏழு மடங்கு!

இது சும்மா வரவில்லை. அந்த விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஆர் எஞ்சின் 2,300 குதிரைச் சக்திக்கு மேல் கொடுத்தது. அவ்வளவு சூட்டையும் ஆற்ற ரேடியேட்டரைத் தனியாக வெளியே வைத்தால் காற்று தடுக்கும். அதனால் இறக்கையின் தோலையே ரேடியேட்டராக மாற்றினார்கள். எஞ்சின் வெடிக்காமல் எரிய, பென்சால், மெத்தனால், ஈயக் கலவை என்று எரிபொருளையே தனியாகக் கலந்தார்கள். வடிவமைத்தவர் ஆர். ஜே. மிட்செல். ஐந்து வருஷம் கழித்து, 1936 மார்ச்சில், அவர் வடிவமைத்த ஸ்பிட்ஃபயர் முதல்முறை பறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைக் காத்த விமானம் என்று நாம் படிக்கிற அதே ஸ்பிட்ஃபயர். அதன் மெர்லின் எஞ்சினை மேலும் மேலும் பலப்படுத்தும்போது ஆர் எஞ்சினில் கற்ற பாடங்கள் கைகொடுத்தன. பந்தயத்தின் பலன் என்றால் எல்லாரும் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் இதே கோப்பையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஐந்து வருஷத்துக்குள் மூன்று முறை ஜெயிக்கிற நாடு கோப்பையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. 1923இல் அமெரிக்கா ஜெயித்தது. 1924இல் போட்டி அமெரிக்காவில். ஆனால் எதிராளிகளால் வர முடியவில்லை. இத்தாலி விலகிவிட்டது. பிரிட்டனின் விமானம் சோதனையில் தண்ணீரில் மூழ்கிவிட்டது. விதிப்படி அமெரிக்கர்கள் தாங்கள் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து "ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் தப்புச் சொல்ல முடியாது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த வருஷப் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள்.

1925இல் அமெரிக்கா மறுபடி ஜெயித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1924ஐயும் எடுத்திருந்தால் மூன்று வெற்றி. கோப்பை அங்கேயே போயிருக்கும், போட்டியும் 1925லேயே முடிந்திருக்கும். எஸ்.6பி வந்திருக்காது. அந்த ஆர் எஞ்சினைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்பிட்ஃபயர் வேறு எப்படியாவது வந்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வந்த வழி இதுதான்.

1931இல் என்ன நடந்தது தெரியுமா? பிரான்ஸும் இத்தாலியும் தயாராக முடியவில்லை. பிரிட்டன் மட்டும் தனியாகப் பறந்து, மூன்றாவது வெற்றி என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அதோடு ஷ்னைடர் போட்டி முடிந்தது.  எதிராளி இல்லாத வெற்றியை ஒருவர் வேண்டாம் என்றபோது பந்தயம் வளர்ந்தது. இன்னொருவர் எடுத்துக்கொண்டபோது பந்தயம் நின்றது. பிரிட்டன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அரசாங்கம் பணம் தர முடியாது என்று கைவிரித்து, லேடி ஹூஸ்டன் என்ற பணக்காரப் பெண்மணி தந்த 1,00,000 பவுண்டில் தயாரான விமானம் அது. இருந்தாலும் இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன்.

வேகப் பந்தயம் ஒரு வகை என்றால், தூரப் பந்தயம் இன்னொரு வகை. அதில் வேகத்தைவிட, நிற்காமல் ஓடுவதுதான் முக்கியம். அப்பா பாஷையில் சொன்னால், "கிளப்பிக்கிட்டுப் போறது பெருசு இல்ல, போய்ச் சேரணும்லா." அந்தக் காலத்தில் போய்ச் சேருவதற்குப் பேர்போனது டி ஹாவிலாண்ட் கம்பெனியின் ஜிப்ஸி மாத். இரண்டு பேர் உட்காரும் திறந்த விமானம். சுமார் 100 குதிரைச் சக்தி எஞ்சின். நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக மொத்தம் 8 பிளக். 1928இல் இங்கிலாந்தின் கிங்ஸ் கப் பந்தயத்தில் ஜெயித்தது இந்த விமானம்தான். அதே சமயத்தில் கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. ஒரு எஞ்சினை சீல் வைத்து, உள்ளே கை வைக்காமல், சுமார் 600 மணி நேரம் பறக்க விட்டுக் காட்டினார்கள்.

1929 நவம்பரில் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தப் பக்கத்திலிருந்தும், தனியாக விமானம் ஓட்டி வரும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு. ஒரு வருஷ கெடு. பயணத்தையும் குறித்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். ராவல்பிண்டிக்காரரான மன்மோகன் சிங் (நம் முன்னாள் பிரதமர் இல்லை, இவர் வேறு), கராச்சிக்காரப் பையன் ஆஸ்பி எஞ்சினியர், பம்பாய் டாட்டா குடும்பத்து ஜே. ஆர். டி. டாட்டா. மூன்று பேரிடமும் ஜிப்ஸி மாத். ஜே.ஆர்.டி.க்கு வயது 25. 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் அவருடையது. ஆஸ்பிக்கு வயது 17. ஆமாம், 17. நான் அந்த வயதில் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மன்மோகன் சிங்தான் முதலில் கிளம்பியவர். தன் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் 'மிஸ்' என்றால் தவறவிடுவது என்றும் அர்த்தம் வருமே, அதை வைத்து அப்போதே ஒரு பத்திரிகை ஆசிரியர் கிண்டல் செய்தார். ஐரோப்பாவில் வழி தவறி, வழியில் இறங்க வேண்டி வந்து, மறுபடி முயன்று, கடைசியில் வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் கெடு நாள் தாண்டிவிட்டது. பரிசு இல்லை.

மிச்சம் இரண்டு பேர். ஆஸ்பி லண்டனிலிருந்து கராச்சி நோக்கி வந்தார். ஜே.ஆர்.டி. 1930 மே மாதம் கராச்சியிலிருந்து லண்டன் நோக்கிக் கிளம்பினார். ரேடியோ கிடையாது. மேப்பை மடியில் வைத்துக்கொண்டு, கீழே தெரிகிற ஆறு, கடற்கரை, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். எதிரெதிர்த் திசையில் வந்த இரண்டு பேரும் எகிப்தில், அலெக்சாண்ட்ரியா பக்கத்தில் அபூகிர் விமானத்தளத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

ஜே.ஆர்.டி. அங்கே இறங்கியபோது இன்னொரு மாத் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பியுடையது. ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், ஸ்பார்க் பிளக் பிரச்சினை, மாற்றிப் போடக் கையில் பிளக் இல்லை. இவரிடமோ மாற்று பிளக் இருந்தது.

ஒரு நிமிஷம் அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். இரண்டே பேர் இருக்கிற போட்டி. ஒருவன் பாலைவனத்து ஓரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். வாயைத் திறக்காமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் பரிசு உங்களுக்கு. யாரும் கேட்கப்போவதில்லை.

ஜே.ஆர்.டி. பிளக்கைக் கொடுத்தார். நன்றியாக ஆஸ்பி தன் லைஃப் ஜாக்கெட்டை அவருக்குக் கொடுத்தார் என்பார்கள். இரண்டு பேரும் அவரவர் திசையில் பறந்தார்கள். ஆஸ்பி கராச்சி போய்ச் சேர்ந்தார். ஜே.ஆர்.டி. லண்டன் போய்ச் சேர்ந்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்கு.

ஆஸ்பி பிறகு விமானப் படையில் சேர்ந்தார். 1960 டிசம்பரிலிருந்து 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி அவர்தான். அந்தப் பதவியில் இரண்டாவது இந்தியர். பரிசு வாங்கிய பெயர் ஆஸ்பிக்கு விமானப் படைக்குள் போக உதவியது, அதனால் அவர் ஜெயித்ததில் சந்தோஷம்தான் என்று ஜே.ஆர்.டி.யே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

தோற்றவர் என்ன ஆனார்? இந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு தப்புச் செய்கிறார்கள். அந்தப் போட்டியால்தான் ஏர் இந்தியா வந்தது என்பது போல எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் விமானப் படை விமானி, ஊர் ஊராக விமானம் ஓட்டிக் காட்டிக்கொண்டு இந்தியாவைச் சுற்றியவர், 1929லேயே விமானத் தபால் திட்டத்தோடு டாட்டாக்களிடம் வந்துவிட்டார். அந்த வருஷம்தான் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சி வரை விமானம் விட ஆரம்பித்தது. லண்டனிலிருந்து ஒரு வாரத்தில் கராச்சிக்குப் பறந்து வந்த கடிதம், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் ஆடி அசைந்து வரும். அந்த மிச்சத் தூரத்தை நாங்கள் பறக்கிறோம் என்பதுதான் திட்டம்.

அரசாங்கம் வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் டாட்டா தரப்பு, மானியமே வேண்டாம், சுமக்கிற தபாலின் எடைக்குக் காசு கொடுத்தால் போதும் என்று சொன்ன பிறகுதான் 1932இல் ஒப்பந்தம் ஆனது. செய்து காட்டினால் காசு. அதே பரிசுக் கணக்கு! 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து பஸ் மாத் விமானத்தில் தபாலோடு அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவுக்கு வந்தார். அகமதாபாத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் டின் டின்னாக வந்தது. (ஓட்டப்பிடாரம் மாடுகள் கேட்டால் பெருமைப்படும்.) ஜூஹுவில் தபாலை வாங்கிக்கொண்டு வின்சென்ட் பல்லாரியில் ராத்திரி தங்கி, மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். முதலீடு சுமார் 2 லட்சம் ரூபாய். முதல் முழு வருஷமான 1933இல் லாபம் 60,000 ரூபாய். சுமந்த தபால் பத்து டன்னுக்கு மேல்.

1935இல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் விமானம் வந்தது. 1938இல் மெட்ராஸ் தடம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த காலம் அது. கப்பலையும் ரயிலையும் நம்பி இருந்த கடிதத்துக்கு றெக்கை முளைத்தது. அந்தக் கம்பெனி 1946இல் ஏர் இந்தியா ஆனது, 1953இல் அரசுடைமை ஆனது, 2022 ஜனவரியில் மறுபடி டாட்டாவிடமே வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

போட்டிக்கும் கம்பெனிக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் 8,000 கிலோமீட்டரைத் தனியாகப் பறந்தவருக்கு ஒன்று தெரிந்திருக்கும்: எஞ்சின் எங்கே நிற்கும், நின்றால் என்ன வேண்டும், எந்த இடத்தில் யாரை நம்பலாம். விமான சர்வீஸ் என்பதே அதுதானே?

1934இல் லண்டன் - மெல்போர்ன் பந்தயத்திலும் இதே கதைதான். அலகாபாத்தில் கட்டாயம் இறங்கிப் போக வேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. முதலில் வந்தது பந்தயத்துக்கென்றே செய்த காமெட் விமானம், 71 மணி நேரம். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது இரண்டாவதாக வந்த டச்சுக்காரர்களின் டிசி-2 விமானத்தைத்தான். பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு வந்த சாதாரண சர்வீஸ் விமானம், 90 மணி நேரத்தில் வந்துவிட்டது. கடைசி ராத்திரி புயலில் வழி தெரியாமல் ஆஸ்திரேலியாவில் ஆல்பரி என்ற சின்ன ஊரின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் ஜனங்கள் கார்களைக் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுவந்து விளக்கைப் போட்டு இறங்க வைத்தார்கள். காலையில் சேற்றில் புதைந்த விமானத்தைக் கயிறு கட்டி இழுத்து விட்டார்கள், நம் ஊர்த் தேர் இழுக்கிற மாதிரி. அந்த விமானத்தின் தம்பிதான் அடுத்த வருஷம் வந்த டிசி-3. உலகம் முழுக்க விமானப் பயணத்தைச் சாதாரண விஷயமாக ஆக்கியது அது.

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்குத் தோன்றியது இதுதான். பந்தயம் விமானத்தை வளர்த்தது என்பது உண்மை. ஆனால் வளர்த்தது கோப்பை இல்லை. பக்கத்தில் ஒருவன் ஓடினான், அவன்தான் வளர்த்தான். அவன் ஓடாமல் நின்றுவிட்டால் முதல் பரிசு கிடைக்கும், ஆனால் நாம் எவ்வளவு வேகம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.

இனி என் கதை.

போன வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேர வேலைக்கு ஒரு பையன் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். நானும் இன்னொருவனும். இடம் ஒன்று. காலை 9 மணிக்கு வரச் சொன்னார்கள். நான் தச்சநல்லூரிலிருந்து கிளம்பி, ஜங்ஷன் தாண்டி, சுலோச்சனா முதலியார் பாலத்தில் ஏறி இறங்கும்போது மணி எட்டே முக்கால். பாலம் முடிகிற இடத்தில், கொக்கிரகுளம் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான். எக்ஸெல்லை ஸ்டாண்ட் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. வண்டி இரண்டு தடவை பொருமிவிட்டு அணைந்தது. நான் மெக்கானிக் மகன். சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டேன், பிளக்.

என் பெட்டியில் பிளக் இருந்தது. ஸ்பானர் இருந்தது. மாற்ற இரண்டு நிமிஷம். அவன் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

அவன் அரை மணி நேரம் லேட்டாக வந்தான். நேரம் தவறினால் இங்கே சரிப்படாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை எனக்கு.

எட்டு மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்கள் நிறைய. அவன் வண்டியை நானா கெடுத்தேன்? டாட்டா வீட்டுப் பிள்ளைக்கு 500 பவுண்டு பெரிய காசா, எங்கள் வீட்டுக்கு மாசச் சம்பளம் பெரிய காசு. இது உண்மைதான். அந்தப் பணத்தில்தான் இப்போது என் ஃபீஸ் போகிறது. ஆனால் ஒரு இடத்தில் கணக்கு இடிக்கிறது. நின்று பிளக் போட்டுக் கொடுத்திருந்தால் எனக்கு வேலை போயிருக்காது. இரண்டு நிமிஷம்தான் போயிருக்கும். அதற்கப்புறம் அவனோடு உட்கார்ந்து இன்டர்வியூவில் போட்டி போட வேண்டியிருந்திருக்கும். நான் பயந்தது அதற்குத்தான். அவன் என்னைவிட நன்றாக பேலன்ஸ் ஷீட் போடுவான். எங்கள் வகுப்புக்கே தெரியும். எனக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டால் கிடைத்தது. ஜெயித்தேனா என்று கேட்டால் பதில் இல்லை. தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஏல, அந்த பிளக்கு உன் வண்டிக்குன்னா நெனச்ச? உன் வண்டியத்தான் மாசாமாசம் நான் பாக்கேன்லா. அது ரோட்டுல நிக்கவனுக்கு."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலேஜில் அவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொல்லச் சொன்ன பிறகுதான் இங்கே எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு சொன்னான்:

"அன்னைக்கு பிளக் இல்லல. டேங்க்ல தூசி. ட்யூப் அடைச்சுக்கிட்டு. நீ நின்னிருந்தாலும் பிளக் மாத்திப் பிரயோஜனம் இல்ல."

எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. மெக்கானிக் மகன் சத்தத்தை வைத்துச் சொன்னது தப்பு! அதை அவன் என் முகத்தில் பார்த்துவிட்டான் போல.

"ஆனா உன் வண்டியில ஏறி வந்திருப்பேன்லா" என்றான்.

ஆமாம். பிளக், ஸ்பானர், சத்தம் என்று எல்லாவற்றையும் யோசித்த எனக்கு, வண்டியின் பின் சீட் காலியாக இருந்தது மட்டும் இந்த எட்டு மாசமாகத் தோன்றவே இல்லை.